தண்ணீர் வருகிற மாதம்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது

சென்னையிலிருந்து நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்துக்கு, கணவரின் பூர்வீக வீட்டுக்கே குடிவரப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். பெண்ணுக்கு ஆறு வயது, பையனுக்குப் பதினொன்று. ஜூனில் இரண்டு பேரும் இங்கே பள்ளியில் சேருகிறார்கள். தடுப்பூசி, காய்ச்சல், சத்தான சாப்பாடு தெரியும். இந்தப் பக்கத்தில் வருஷம் பூராவும் வேறு எதைக் கவனிக்க வேண்டும், பையன் சைக்கிளில்தான் போவேன் என்று அடம்பிடிக்கிறான், விடலாமா என்பது உங்கள் கேள்வி.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் இதே வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நர்சம்மா என்றால்தான் ஊரில் தெரியும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நகரத்தில் பள்ளி ஆண்டை காலாண்டு, அரையாண்டு, முழுஆண்டு என்று பிரிப்பார்கள். இங்கே பிள்ளைகளைப் பொறுத்தவரை ஆற்றில் தண்ணீர் வருவதும் மழை பிடிப்பதும் அறுப்பு நடப்பதும்தான் கணக்கு. என்னிடம் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளில் பள்ளிக்கூடத்துக்குள் அடிபட்டவர்கள் குறைவு. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவிலுள்ள வழியில் பட்டதுதான் அதிகம்.

அதனால் ஆற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள். (எப்போதும் அப்படி அமைவதில்லை. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது.) மூன்று நாலு நாளில் கல்லணை திறப்பார்கள். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வெண்ணாற்றுத் தண்ணீர் உங்கள் ஊர்ப்பக்கம் மூணாறு தலைப்புக்கு (ஷட்டர் வைத்து ஆற்றைப் பிரித்துவிடும் இடத்தைத் தலைப்பு என்போம்) வந்து, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மறுபடி பிரியும். அது வந்து சேரும் நேரமும் பள்ளி திறந்த புதிதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதில் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். ஜனவரி 28 வாக்கில் அணையை மூடிவிட்டால் அடுத்த நாலைந்து மாதம் ஆறு வெறும் மணல். பிள்ளைகள் அதில்தான் கிரிக்கெட் ஆடுவார்கள், அதன் குறுக்கேதான் கடைக்குப் போவார்கள். ஆறு என்றால் அவர்களுக்கு ஒரு மைதானம். அந்த நாலு மாதத்தில் யாரோ எங்கேயோ மணல் அள்ளியிருப்பார்கள், ஆளுயரக் குழி விழுந்திருக்கும். திடீரென்று ஒரு ராத்திரியில் தண்ணீர் வந்துவிடும். செம்மண் நிறத்தில், அடி தெரியாமல் ஓடும். போன வாரம் முட்டிக்கால் மணலில் நின்ற இடம்தானே என்று பையன் இறங்குவான். அங்கே குழி இருக்கும். உள்ளூர்ப் பிள்ளைகளே ஏமாறும் இடம் இது. உங்கள் பிள்ளைகள் சென்னையிலிருந்து வருகிறார்கள், தண்ணீரைப் பார்த்ததுமே குஷி வந்துவிடும்.

ஒரு ஜூன் மாதக் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளி விட்டு வந்த பையன் படித்துறையில் கால் கழுவினான். ஒரு செருப்பு நழுவித் தண்ணீரில் போயிற்று. அதை எட்டிப் பிடிக்கப் போய் இரண்டு படி கீழே சறுக்கினான். பத்தடி தூரத்தில் அவன் சித்தி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. முங்குகிற பிள்ளை கையை ஆட்டிக் கத்தும் என்று நாம் நினைக்கிறோம். மூச்சுக்கே வாய் தண்ணீருக்கு மேலே வராதபோது எப்படிக் கத்தும்? அவன் நண்பன் குதிக்கப் போனபோது ஒரு பாட்டி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தன் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீரில் எறிந்தாள். பையன் அதைப் பிடித்துக்கொண்டான். சத்தம் கேட்டு ஓடிவந்த ஆட்கள் கரையேற்றினார்கள். அந்தப் பாட்டி செய்ததைத்தான் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். குதிக்கக் கூடாது, கத்தி ஆள் கூப்பிட வேண்டும், மிதக்கிறதையோ பிடித்துக்கொள்ள உதவுவதையோ எறிய வேண்டும்: குடம், மூடி போட்ட காலி கேன், முடிச்சுப் போட்ட வேட்டி. ஒரு பிள்ளை முங்கி, அதைக் காப்பாற்றப் போன இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து போன வீடுகளுக்கு நான் துக்கத்துக்குப் போயிருக்கிறேன்.

கரையேற்றிய பிறகு ஒரு கூத்து நடக்கும். பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவார்கள், குப்புறப் போட்டு வயிற்றை அழுத்துவார்கள், தண்ணீர் வெளியே வர வேண்டுமாம். இதில் போகிற ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம். வயிற்றை அழுத்தினால் உள்ளே இருக்கிற சோறு மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை ஊத வேண்டும். அசைவில்லையென்றால் நெஞ்சின் நடுவில், நெஞ்சுக்கட்டில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் இறங்கும்படி 30 முறை வேகமாக அழுத்தி, 2 முறை ஊதி, 108 வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். பிள்ளை இருமி எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலில் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்து மூச்சு வாங்கும்.

தலைப்பு, ஷட்டர், மதகு இருக்கும் இடங்களில் நீச்சல் தெரிந்தவர்களையும் இறங்க விடாதீர்கள். கதவுக்குக் கீழே தண்ணீர் சுருட்டி உள்ளே இழுக்கும், தளம் பாசி பிடித்துக் கிடக்கும். ஆடிப்பெருக்கு அன்று படித்துறையில் ஊரே நிற்கும், யார் பிள்ளையை யார் பார்ப்பது என்று தெரியாது. சப்பரம் இழுத்துக்கொண்டு கிளம்பும் சின்னப் பெண்ணின் கையை உங்கள் வீட்டில் ஒருவர் பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் நீச்சல் கற்றுக்கொடுங்கள். பையனுக்கு இந்த வருஷமே. ஆறு வேண்டாம், இடுப்பளவு தண்ணீர் நிற்கும் பம்புசெட்டுத் தொட்டி போதும். பெண் பிள்ளைக்கு எதற்கு என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால், ஆறு ஆண் பெண் பார்ப்பதில்லை என்று சொல்லுங்கள்.

சரி, அடுத்தது வேன். பையனும் பெண்ணும் தனியார் பள்ளி என்றால் காலை ஏழேகாலுக்கே வேன் வந்துவிடும். பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் 2012-ல் தனி விதிகள் வந்தன. பிள்ளைகளை ஏற்றி இறக்க ஓட்டுநர் அல்லாமல் உதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் இல்லாத வேனில் அனுப்பாதீர்கள். இறங்கும்போதுதான் விபத்து. பிள்ளை இறங்கி, வேனுக்கு முன்னால் ஓடி எதிர்ப்பக்கம் வீட்டுக்குப் போகும். ஓட்டுநர் உட்கார்ந்த உயரத்துக்கு ஆறு வயதுப் பிள்ளையின் தலை தெரியவே தெரியாது. அதனால் பிள்ளை இறங்குகிற பக்கமே போய் நின்று கையைப் பிடியுங்கள், வேன் கிளம்பிப் போன பிறகு சாலையைக் கடவுங்கள். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து "ஓடி வா கண்ணு" என்று கூப்பிடக் கூடாது. கூப்பிடுவார், நீங்கள்தான் சொல்லி வைக்க வேண்டும்.

ஏழேகால் வேன் என்றால் காலைச் சாப்பாடு அடிபடும். பாலும் இரண்டு பிஸ்கட்டும் குடித்துவிட்டு வந்து, பிரேயரில் மயங்கி விழுகிற பிள்ளைகள் தனியார் பள்ளிகளில்தான் அதிகம். அரசுப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவு உண்டு. அந்தத் திட்டத்தை மாநிலம் முழுக்க விரிவாக்கியதே நம் பக்கத்துத் திருக்குவளையில்தான், 2023 ஆகஸ்ட் 25-ல். பெண்ணை அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்ப்பதாக இருந்தால் அந்தப் பொங்கலையும் கிச்சடியையும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வேன் பிள்ளைக்கு முதல் நாள் ராத்திரியே மாவு எடுத்து வெளியே வைத்து, ஆறரைக்கு இரண்டு இட்லி. இல்லையென்றால் பழையசோறும் தயிரும். அதைக் கேவலமாக நினைப்பவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை.

தண்ணீர் பாட்டிலைச் சாயங்காலம் தூக்கிப் பாருங்கள். காலையில் நிரப்பிய கனத்திலேயே திரும்பி வந்தால் பிள்ளை தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் "தாகமே எடுக்கல" என்பாள். காரணம் பெரும்பாலும் கழிப்பறை. கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது, வாளி இருக்கும் தண்ணீர் இருக்காது. பெண் பிள்ளைகள் அதற்குப் பயந்து காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை அடக்கிக்கொண்டு, பிறகு நீர்க்கடுப்பும் குளிர்க்காய்ச்சலுமாக என்னிடம் வருவார்கள். பள்ளியைப் பார்க்கப் போகும்போது ஸ்மார்ட் வகுப்பறையைக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, கழிப்பறையையும் காட்டச் சொல்லுங்கள். அப்படியே செப்டிக் டேங்க் மூடி, தரைத் தண்ணீர்த்தொட்டி மூடி, சமையல்கட்டு எங்கே இருக்கிறது, மாடியிலிருந்து இறங்க எத்தனை வழி, அந்த வழியின் கதவு பூட்டிக் கிடக்கிறதா என்று ஒரு கண் ஓட்டுங்கள். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் போனது சமையல்கட்டுத் தீ கீற்றுக் கூரையில் பிடித்துத்தான். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக்கொட்டகை கூடாது என்றாகிவிட்டது. ஆனாலும் அந்தத் தேதி இந்த வட்டாரத்தில் எந்தத் தாய்க்கும் மறக்காது. கதவைப் பார்த்துக் கேள்வி கேட்கும் அம்மாவை இங்கே யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள்.

தடுப்பூசி உங்களுக்குத் தெரியும் என்றாலும் இரண்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: பெண்ணுக்கு ஐந்து முதல் ஆறு வயதுக்குள் போட வேண்டிய முத்தடுப்பு ஊக்குவிப்பு ஊசி, பையனுக்குப் பத்து வயதில் போட வேண்டிய டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசி. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுப்பார்கள். விழுங்கச் சொல்லாதீர்கள், மென்று தின்ன வேண்டும். இந்த மண்ணில் வெறுங்காலோடு திரியும் பிள்ளைக்கு அது கட்டாயம் வேண்டும்.

செப்டம்பர் வாக்கில் குறுவை அறுப்பு வந்துவிடும். அறுப்பு மெஷின் வயலில் இறங்கியதும் எலி கிளம்பும், எலிக்குப் பின்னாலேயே பாம்பு. வரப்பில் நடந்து பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குக் கண்ணாடி விரியன். அது கடித்தால் தெரியும், கால் வீங்கும், வலி தாங்காது. எனக்கு அதைவிடப் பயம் கட்டுவிரியன்தான். ராத்திரியில் வீட்டுக்குள் வந்து, தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் பிள்ளையைக் கடிக்கும். எறும்பு கடித்த அளவுகூட வலிக்காது, பல் தடமும் தெரியாது. விடியற்காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று எழும். ஸ்கூலுக்கு மட்டம் போடப் பார்க்கிறான் என்று ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். சற்று நேரத்தில் இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும். தரையில் படுத்த பிள்ளைக்குக் காலையில் காரணமில்லாத வயிற்றுவலியோடு கண் இமை சரிந்தால், பாம்பைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் உடனே 108. கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, மந்திரிக்க அழைத்துப்போவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, பிள்ளையை நடக்க விடாமல் தூக்கிப்போக வேண்டும். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். மன்னார்குடியும் திருவாரூரும் உங்களுக்குப் பக்கம். சின்னப் பிள்ளைக்கும் பெரியவர்களுக்குக் கொடுக்கும் அதே அளவு மருந்துதான் ஏற்றுவார்கள், பார்த்துப் பயந்துவிடாதீர்கள், விஷத்தின் அளவு ஆளைப் பார்த்துக் குறைவதில்லை. படுக்க ஒரு கட்டில் வாங்குங்கள். கொசுவலையை விரிப்புக்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். அது கொசுவுக்கு மட்டுமல்ல.

ஐப்பசி பிறந்தால் மழை. இங்கே நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வருகிற காய்ச்சலை ஜூலை மாதச் சளிக்காய்ச்சல் மாதிரி நினைக்கக் கூடாது. டெங்குக் கொசு பகலில் கடிக்கும், அதாவது பள்ளி நேரத்தில். முதல் மூன்று நாள் காய்ச்சல் கொதிக்கும், நாலாம் நாள் சட்டென்று இறங்கும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அரையாண்டுப் பரீட்சை வேறு நடக்கும், தலைக்கு ஊற்றிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் ஆரம்பிப்பதே அப்போதுதான். காய்ச்சல் விட்ட அடுத்த 24 முதல் 48 மணி நேரம் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும். பிள்ளை சோர்ந்து படுக்கும், வயிறு வலிக்கும், விடாமல் வாந்தி வரும், கை கால் சில்லிடும், சிறுநீர் குறையும், ஈறில் ரத்தம் தெரியும். இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஒன்றுமே இல்லையென்றாலும், மழைக்காலக் காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாள் பிள்ளை கண்ணெதிரே வீட்டில் இருக்கட்டும். பரீட்சையைத் தலைமையாசிரியரிடம் பேசிக்கொள்ளலாம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். கிலோவுக்கு 10-லிருந்து 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் கலந்த எதுவும் இந்த மாதங்களில் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். ஒரே மாதிரி இருக்கும் சிரப் பாட்டிலில் ஒன்று 5 மில்லிக்கு 125, இன்னொன்று 250. சொட்டு மருந்தோ 1 மில்லிக்கே 100. "எப்பவும் கொடுக்கிற ஒரு மூடிதான் கொடுத்தேன்" என்று சொன்ன அம்மாக்களிடம் பாட்டிலை வாங்கிப் பார்த்தால் பாதிப் பேர் இரட்டிப்பாகக் கொடுத்திருப்பார்கள், மீதிப் பேர் பாதிதான். எண்ணைப் படித்த பிறகு மூடியைத் திறங்கள். நிலவேம்புக் கசாயம் கேட்டால் கொடுங்கள், நானும் கொடுத்திருக்கிறேன். அதைக் கொடுத்தாயிற்று என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என் வழக்கு.

கொசுவுக்கு வாசலில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல், கொட்டாங்கச்சி, தொட்டி இவற்றைப் பாருங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை ஓரத்தில் ஒட்டிக் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். வாரம் ஒரு நாள் தேங்காய் நாரால் தேய்த்துக் கவிழ்த்துவிடுங்கள்.

மழையில் இன்னும் இரண்டு. பள்ளி வழியில் தண்ணீர் தேங்கினால் பிள்ளைகள் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடக்கும். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் அது. காலில் சிராய்ப்பு இருந்தால் எலிக்காய்ச்சல் வரலாம்: கண் சிவந்து, கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், காய்ச்சல் வந்தால் தண்ணீரில் நடந்த விஷயத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று மின்கம்பத்தின் ஸ்டே கம்பி. ஈரத்தில் அதைப் பிடித்துச் சுற்றி விளையாடுவது பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம். தொடவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கம்பி அறுந்து கிடந்தால் 94987 94987.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் கால் பாக்கெட் என்று கணக்குப் போட்டுக் கலக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டம்ளர் சின்னதாக இருந்து உப்பு கூடினால் பிள்ளைக்குக் கெடுதல். கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள்.

பொங்கலுக்குப் பிறகு சம்பா அறுப்புத் தூசியில் சில பிள்ளைகளுக்கு வீசிங் வரும். அப்புறம் அம்மை, பொன்னுக்குவீங்கி. அம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை, பொன்னுக்குவீங்கி என்றால் வீக்கம் வந்து ஐந்து நாள் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். வேப்பிலை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டாமல், மருந்தே கொடுக்காமல் விடாதீர்கள்.

தொடுவது பற்றியும் பேசிவிடுங்கள். ஆறு வயதுக்குப் புரியும். "அம்மாகிட்ட சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அதை முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். வேன்காரர், வாத்தியார், உறவுக்காரர் யாராக இருந்தாலும். 1098 குழந்தைகளுக்கான எண், 14417 பள்ளிக் கல்வித்துறையின் எண். இரண்டையும் பையன் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

கடைசியாகச் சைக்கிள். விடலாம், உடனே வேண்டாம். முதல் மாதம் நீங்களோ அவன் அப்பாவோ கூடவே இன்னொரு சைக்கிளில் போங்கள். ஆற்றங்கரைச் சாலை குறுகல், ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வாய்க்கால், எதிரே நெல் லாரியோ அறுப்பு மெஷினோ வந்தால் ஒதுங்க இடமிருக்காது. அப்படி வந்தால் இறங்கி, சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஆறு இல்லாத பக்கமாக நிற்க வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை செய்து காட்டச் சொல்லுங்கள். சாலையில் நெல் காயப்போட்டிருந்தால் உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும், நெல்மேல் பிரேக் பிடித்தால் வழுக்கும். பின்னால் தங்கச்சியை ஏற்றினால் அவள் கால் சக்கரத்துக்குள் போகாமல் இருக்க இரண்டு பக்கமும் வலைக்கம்பி அடிக்க வேண்டும். நீடாமங்கலத்தில் எந்தச் சைக்கிள் கடையிலும் சொன்னால் செய்து கொடுப்பார்கள்.